மூலிகைத் தீவனமும் தடுப்பூசியும்: பண்ணைப் பறவைகளின் எதிர்ப்பாற்றல்

புதுச்சேரி நகரத்தைச் சூழ்ந்துள்ள வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன்களிலும், அவற்றை ஒட்டிய விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் கோழி இருவகையாக வளர்க்கப்படுகிறது. பகலெல்லாம் தோட்டத்திலும் குப்பைமேட்டிலும் மேய்ந்து மாலையில் கூட்டில் அடையும் நாட்டுக்கோழி ஒருவகை. கொட்டகையில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கப்பட்டு, ஏறத்தாழ 40 நாளில் சந்தைக்குச் செல்லும் கறிக்கோழி மற்றொரு வகை. வளர்ப்பு முறையிலும் முதலீட்டிலும் இவ்விரண்டுக்கும் ஒற்றுமை குறைவு என்றாலும், ஊரார் வெள்ளைக்கழிச்சல் என்றும் கோழிச்சீக்கு என்றும் சொல்லும் ராணிக்கெட் நோய் இரண்டையும் ஒரே வேகத்தில் அழிக்கிறது. அதற்கெதிராகப் பண்ணையாளர் கையில் உள்ளவை தடுப்பூசியும், தலைமுறைகளாகப் பழகிவந்த மூலிகைகளும்தாம். இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனி வழிகளாகவே இருந்தன. தடுப்பூசி போட்ட பறவைக்கு மூலிகையைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் அத்தடுப்பூசியின் பயன் கூடுமா என்ற கேள்வி கடந்த சில பத்தாண்டுகளில்தான் ஆய்வுக்கூடங்களில் முறையாக எழுப்பப்பட்டது. கூடுமெனில் எந்நிலையில் கூடும், எப்பொறிமுறையால் கூடும், கூடியது என்பதை எவ்வாறு அறிவது என்பனவே இவ்வுரையின் பொருள்.

இந்நோய் முதன்முதலாக 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் இந்தியாவில் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு, நம் நாட்டில் அவ்வூரின் பெயராலேயே வழங்கலாயிற்று. மூச்சுத்திணறல், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், இறக்கை தொங்குதல், பிழைத்தவற்றுக்குக் கழுத்துத் திருகல் என இதன் அடையாளங்களைக் கோழி வளர்த்த எவரும் எளிதில் மறப்பதில்லை. மருத்துவம் இல்லாத இந்த வைரசு நோய்க்கு முக்தேசுவரத்தில் ஹாடோ, இத்னானி ஆகியோர் 1946இல் வெளியிட்ட தடுப்பூசி பெருந்துணையாயிற்று. வீரியமுள்ள வைரசைக் கோழிமுட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து வலிமை குன்றச் செய்து உருவாக்கப்பட்ட அத்தடுப்பூசி இன்றும் எட்டு வார வயதுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இறக்கையடியில் ஊசியாகப் போடப்படுகிறது. அதைத் தாங்காத இளங்குஞ்சுகளுக்கு, இன்னும் மென்மையான எஃப், லசோட்டா வகைகள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடப்படுகின்றன. 1932இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தடுப்பூசிகளைத் தமிழ்நாட்டுக்காக உற்பத்தி செய்து வருகிறது; கோடைக்கு முன், பிப்ரவரி மாதத்தில், புறக்கடைக் கோழிகளுக்கென்று இருவார முகாம் நடத்துவது தமிழ்நாட்டில் வழக்கமாகியிருக்கிறது.

நுண்ணுயிரியை ஆய்வுக்கூடத்தில் வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கலாம் என்ற அறிவே ஒரு கோழி நோயின் வழியாகத்தான் உலகுக்குக் கிடைத்தது என்பதைப் பிரெஞ்சு ஆட்சியின் நினைவுகள் நிறைந்த புதுச்சேரியில் எடுத்துரைப்பது பொருத்தமாகும். 1879, 1880ஆம் ஆண்டுகளில் லூயி பாஸ்டர் கோழிக் காலரா நுண்ணுயிரியை ஆராய்ந்தபோது, நாட்பட்ட வளர்ப்பு கோழிகளைக் கொல்லாமல் விட்டதோடு, பின்னர் புதிய வீரிய வளர்ப்பைச் செலுத்தியபோதும் அவற்றைக் காத்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கொண்டே பாஸ்டரை நினைவுகூர்வோர் பலர். அதற்கு முன்னரே அவருடைய கோட்பாட்டுக்குச் சான்றாக நின்றவை கோழிகளே.

தடுப்பூசி பறவையின் உடலில் என்ன செய்கிறது என்பது தெளிந்தால்தான் மூலிகை அதில் எங்கே நுழையக்கூடும் என்பது புலப்படும். பறவையின் கழிவாய்க்கு மேற்புறத்தில் பாலூட்டிகளிடம் இல்லாத ஒரு சிறு பை உள்ளது. பதுவா நகர உடற்கூற்று அறிஞர் ஃபேப்ரிசியசு விவரித்து, அவர் மறைவுக்குப் பின் 1621இல் அச்சான நூலில் இடம்பெற்ற இப்பை எதற்கானது என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் விளங்காமலேயே இருந்தது. அமெரிக்காவில் ஒஹாயோவில் பயின்ற புரூசு கிளிக் இப்பையை அறுத்து நீக்கிய கோழிகள் சிலவற்றை, உடன்பயின்ற திமோத்தி சாங் வேறொரு செய்முறைக்குப் பயன்படுத்தியபோது, நுண்ணுயிரியைச் செலுத்தியும் அவற்றில் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. எதிர்ப்பொருள் என்பது நுழைந்த கிருமியை அடையாளங்கண்டு அதனோடு பிணைந்து முடக்கும் புரதம். அதைச் சுரக்கும் அணுக்களின் பள்ளி இப்பையே என்பது 1956இல் கோழியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான அவர்களுடைய கட்டுரையால் தெரியவந்தது. மனிதர் உட்பட எல்லா முதுகெலும்பிகளின் எதிர்ப்பாற்றலைப் பற்றிய இன்றைய அறிவுக்கு அடித்தளமிட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

இப்பையைத் தாக்கி அழிப்பதே கம்போரோ நோயின் இயல்பு. 1962இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக் கம்போரோ பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட இந்நோய் மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைத் தாக்கும்போது, உயிர் பிழைத்தவையும் பிற தடுப்பூசிகளுக்கு ஏற்றவாறு எதிர்ப்பொருள் சுரக்கும் வலிமையைப் பெருமளவு இழக்கின்றன. இத்தகைய குஞ்சுகளில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பலிக்காததைக் கண்டு, தடுப்பூசியே போலி என்று பண்ணையாளர் மனம் கசந்துபோவதுண்டு. சுரக்கும் அணுக்களே அழிந்துவிட்ட உடலில் எம்மூலிகையும் எதிர்ப்பொருளை வருவித்துவிட முடியாது. ஆகவே இரண்டாம் வாரத்தில் கம்போரோ தடுப்பூசியைத் தவறாமல் போடுவது, தீவனத்தில் எதைச் சேர்ப்பது என்ற ஆராய்ச்சிக்கும் முந்தைய கடமை. இதைப்போலவே, தாய்க்கோழி முட்டை மஞ்சட்கரு வழியே குஞ்சுக்கு அளித்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவருகிறது. அது மிகுதியாக உள்ளபோது போடப்படும் உயிர்த் தடுப்பூசியை அதுவே முறியடித்துவிடுகிறது. குஞ்சின் வயதை அறிந்து ஊசி போடுவதொன்றே இதற்குத் தீர்வு. மூலிகைக்கு உரிய இடத்தை வரையறுக்க, அதற்கு உரியதல்லாத இடங்களை முதலில் விலக்கிவிடுவது நலம்.

எதிர்ப்பொருளின் அளவை அறிய ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் குருதியணுத் திரள்தடைச் சோதனையைக் கையாளுகின்றன. வெள்ளைக்கழிச்சல் வைரசு கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும். சோதிக்கப்படும் பறவையின் குருதிநீரில் எதிர்ப்பொருள் இருந்தால் திரள்வது தடைபடும். குருதிநீரை இருமடங்கு இருமடங்காக நீர்த்துக்கொண்டே போய், எந்த நீர்ப்பு வரை தடை நிகழ்கிறதோ அதையே அப்பறவையின் அளவெண்ணாகக் கொள்வர். 16 மடங்கு நீர்த்தும் தடை நிகழ்ந்தால் எதிர்ப்பொருள் உள்ளது என்று கொள்வது பொதுவழக்கு. ஆகவே இச்சோதனையின் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் இருமடங்கு. அதே குருதிநீரை அதே கைகள் மறுநாள் சோதித்தாலும் ஒரு படி மேலேயோ கீழேயோ போவது இயல்பு. மூலிகை கொடுத்த குழுவின் சராசரி கொடுக்காத குழுவின் சராசரியைவிட அரைப்படி உயர்ந்தது என்று ஒரு ஆய்வு சொல்லும்போது, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பறவைகள் இருந்தன, சோதித்தவர் எந்தக் குருதி எந்தக் குழுவினது என்பதை அறியாமல் சோதித்தாரா என்று கேட்காமல் அம்முடிவை ஏற்க இயலாது. மூலிகைத் தீவனத்தைப் பற்றி வெளிவரும் ஆய்வுகளுள் சிறு எண்ணிக்கைப் பறவைகளைக் கொண்டு செய்யப்பட்டவை மிகுதி என்பதால் இக்கேள்வி தவிர்க்க முடியாதது.

மேலும், இச்சோதனை குருதியில் ஓடும் எதிர்ப்பொருளை மட்டுமே காட்டுகிறது. கண்ணுக்குப் பின்னே அமைந்துள்ள ஹார்டர் சுரப்பியிலும், மூச்சுக்குழலிலும், குடலின் சளிப்படலத்திலும் சுரக்கும் எதிர்ப்பொருளையும், கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கும் வெள்ளணுக்களின் செயலையும் அது அளப்பதில்லை. கண்சொட்டாகத் தரப்படும் தடுப்பூசியின் பயனில் ஒரு பங்கு இவ்விடங்களில்தான் விளைகிறது. அதற்காகக் குருதி அளவெண் பயனற்றது என்றும் கருதலாகாது. இந்தியாவில் இன்று நோயுண்டாக்கும் வைரசு வகைகள், பல்லாண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்ட லசோட்டா வகையிலிருந்து மரபணு அளவில் விலகியிருக்கின்றன. முறையாகப் போடப்பட்ட பழைய தடுப்பூசி பறவையைச் சாவிலிருந்து காத்தாலும், தொற்றிய வைரசை அப்பறவை எச்சத்திலும் மூச்சிலும் வெளியேற்றுவதை முற்றிலும் நிறுத்துவதில்லை. எதிர்ப்பொருள் மிகுந்த பறவைகள் குறைவான வைரசையே வெளியேற்றுகின்றன என்பது பிற நாட்டு ஆய்வுகளில் தெளிவாகியிருப்பதால், பல கொட்டகைகள் நெருங்கியுள்ள ஊர்களில் அளவெண்ணை உண்மையாகவே இரண்டு மூன்று படி உயர்த்தக்கூடிய ஒரு பொருளுக்குப் பெருமதிப்பு உண்டு. அப்படியொரு பொருள் மூலிகைகளில் இருக்கிறதா என்று தேடுவது அறிவியலுக்கு முற்றிலும் தகுந்த முயற்சி.

இனி மூலிகைகளைக் காண்போம். தமிழ்நாட்டில் மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைத் தொகுத்துச் சீர்செய்வதில் தஞ்சாவூரைச் சார்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் பணி பரவலாக அறியப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வழியாக அவர் பரப்பிய முறைகள் பின்னர் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தால் பிற மாநிலங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. வெள்ளைக்கழிச்சலுக்கென்று அவ்வழியில் சொல்லப்படும் கலவையில் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெங்காயம், கீழாநெல்லி ஆகியவை இடம்பெறுகின்றன. கோழி அம்மைக்கு வேப்பிலையும் துளசியும் சேர்கின்றன. இவை நோய் கண்டபோது தரப்படுபவை. தடுப்பூசிக்குத் துணையாக நாள்தோறும் தீவனத்தில் கலப்பது என்பது வேறொரு நோக்கம். நோய் கண்ட கோழிக்கு மருந்தாக நாட்டார் அறிந்த ஒரு கலவை, நோயற்ற கோழிக்கு எதிர்ப்பாற்றல் ஊட்டும் என்று சொல்ல மரபின் சான்று போதாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். விற்பனையாளர்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டிப் பொட்டலத்தில் அச்சிடுவது மரபுக்கும் நன்மை செய்வதன்று.

உண்ட தாவரப்பொருள் பறவையின் உடலெங்கும் பரவி அதன் இயல்பை மாற்றும் என்பதில் ஐயமில்லை; கோழிக் காலின் மஞ்சள் நிறமே அதற்குச் சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையறிஞர் பியேர் சொன்னெராவின் பெயரைத் தாங்கிய சாம்பல் காட்டுக்கோழி மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இன்றும் வாழ்கிறது. வளர்ப்புக் கோழிகள் பலவற்றின் கால்களிலும் தோலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணு, செங்காட்டுக்கோழியிலிருந்து வராமல் இச்சாம்பல் காட்டுக்கோழியின் வழியே வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. தீவனத்திலுள்ள தாவர நிறமிகளைச் சிதைக்கும் நொதி அக்கோழிகளின் தோலில் செயல்படாததால் அந்நிறமிகள் அங்கே தங்குகின்றன. மக்காச்சோளத்தின் நிறம் கோழியின் காலில் தெரிவது எவரும் கண்கூடாகக் காண்பது. நிறமற்ற மூலிகைச் சத்துகள் எங்கே செல்கின்றன, எவ்வளவு தங்குகின்றன என்பதை மட்டுமே கருவிகொண்டு அளக்க வேண்டியிருக்கிறது.

மூலிகைகள் எதிர்ப்பாற்றலைத் தொடுவதாக ஆய்வாளர் கருதும் வழிகள் இரண்டு. ஒன்று நேரடியானது: சீனாவில் கோழிகளில் மிகுதியாக ஆராயப்பட்ட அசுட்ராகலசு வேரிலும், நம் சீந்தில் கொடியிலும் உள்ள கூட்டுச்சர்க்கரைகளை, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் ஏதோ நுண்ணுயிரியின் புறச்சுவர் எனக் கருதி விழிப்படைகின்றன, அவ்விழிப்பு தடுப்பூசிக்கு எதிரான செயலையும் கூர்மையாக்கக்கூடும். சிலி நாட்டுக் குவிலாயா மரப்பட்டையின் நுரைப்பொருள் கால்நடைகளின் கோமாரித் தடுப்பூசியில் நெடுங்காலமாகவும், இன்று மனிதருக்கான மலேரியாத் தடுப்பூசிகளிலும் துணைப்பொருளாகச் சேர்க்கப்படுவது, தாவரப்பொருள் தடுப்பூசியின் ஆற்றலை உயர்த்த வல்லது என்பதற்கு ஐயத்துக்கு இடமற்ற சான்று. ஆனால் அது தடுப்பூசியோடு சேர்த்து ஊசியாகச் செல்வது. குடலில் செரிமான நீர்களைக் கடந்து வருவதற்கு அதே பயன் கிட்டும் என்று முன்கூட்டியே கொள்ளலாகாது.

மற்றொரு வழி மறைமுகமானது. நம் மண்ணுக்கு மிகவும் பொருந்துவதும் அதுவே. தடுப்பூசியின் பயனைக் குறைக்கும் அழுத்தங்கள் சில உண்டு. அவற்றைத் தணித்தால், பறவை தன் இயல்பான எதிர்ப்பாற்றலை மீட்டுக்கொள்கிறது. அவ்வழுத்தங்களுள் முதன்மையானது பூஞ்சை நச்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காமல் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டு, அந்நச்சு அஃபிளாடாக்சின் எனப் பெயர் பெற்றது. பெரும் அளவில் கொல்லும் அந்நச்சு, சிற்றளவில் கல்லீரலின் புரதத் தொகுப்பைக் குன்றச் செய்து, எதிர்ப்பொருள் அணுக்களின் பையையும் சுருங்கச் செய்கிறது. பறவை நோயாளியாகத் தோன்றாது, தீவனம் தின்னும், ஆனால் தடுப்பூசிக்கு உரிய விடையைத் தராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உறிஞ்சும் மக்காச்சோளமும் புண்ணாக்கும் கடற்கரைப் பகுதிக் கிடங்குகளில் எவ்வளவு எளிதாகப் பூசணம் பிடிக்கும் என்பது இங்குள்ளோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் இந்நச்சுக்கு மாற்றாகப் பயன்படுமா என்பதை இந்திய ஆய்வாளர்களும் அமெரிக்க மிசௌரிப் பல்கலைக்கழகத்தினரும் கறிக்கோழிக் குஞ்சுகளில் சோதித்து 2008இல் வெளியிட்டனர். நச்சின் தீங்கு ஓரளவு குறைந்தது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஓரளவு என்ற அச்சொல்லைப் பண்ணையாளர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வாங்கிவிட்டு அதில் மஞ்சள் தூளைத் தூவுவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

அடுத்த அழுத்தம் வெப்பம். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாய்திறந்து மூச்சு வாங்கியே அது உடற்சூட்டைத் தணித்தாக வேண்டும். கத்திரி வெயிலோடு கடற்காற்றின் ஈரமும் சேரும்போது அம்மூச்சால் பெரும்பயன் விளைவதில்லை. அந்நிலையில் அட்ரினல் சுரப்பியிலிருந்து வெளிப்படும் கார்டிகோசுடீரோன் இயக்குநீர் வெள்ளணுக்களுள் எதிர்ப்பாற்றலுக்குரிய லிம்போசைட்டுகளைக் குறைத்து, ஹெட்டிரோபில் என்ற மற்றொரு வகையைக் கூட்டுகிறது. இவ்விரண்டின் விகிதம் 1983 முதல் கோழிகளின் அழுத்தத்தை அளக்கும் எளிய அளவுகோலாக ஏற்கப்பட்டிருக்கிறது. மனிதரைப் போலன்றிக் கோழி தன் சிறுநீரகத்திலேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும் என்றாலும், கடும்வெப்பத்தில் அது தேவைக்குப் போதாமற்போவதால், நெல்லிக்காயும் அமுக்கராக் கிழங்கும் துளசியும் கோடையில் பயனளிப்பதாகப் பல ஆய்வுகள் தெரிவிப்பதை நம்புவதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. தூய்மையான கொட்டகையில், நல்ல தீவனத்தோடு, மிதமான வெப்பத்தில் வளர்ந்து, சரியான வயதில் தடுப்பூசி பெற்ற பறவைக்கு மூலிகையால் கூடுவது சிறிதாகவே இருக்கும் என்றும், அழுத்தத்தில் தவிக்கும் பறவைக்கே அது மிகுதியாக உதவும் என்றும் எதிர்பார்ப்பது முறை. ஒரே மூலிகையைப் பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட முடிவுகளைச் சொல்வதற்கும் இதுவே பெருங்காரணமாக இருக்கக்கூடும்; எப்பறவை, எந்நிலையில் என்பதை ஒதுக்கிவிட்டு மூலிகையை மட்டும் ஒப்பிட்டால் முரண்பாடே எஞ்சும்.

மூலிகையின் தரம் பற்றிய சிக்கல் இவற்றினும் கடினமானது. மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு வரை வேறுபடுகிறது. ஆலப்புழை மஞ்சளில் அது மிகுதி, ஈரோட்டு நாட்டுவகையில் குறைவு. ஒரு கிலோ தீவனத்துக்கு 5 கிராம் மஞ்சள் என்று ஒரு ஆய்வு சொன்னால், எந்த மஞ்சள் என்று சொல்லாதவரை அவ்வளவுக்குப் பொருளில்லை. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆன்ட்ரோகிராஃபோலைடு பூக்கும் பருவத்தையொட்டி மிகுந்து, பின்னர் குறைகிறது. குர்குமின் குடலில் மிகச்சிறிதளவே ஈர்க்கப்படுகிறது என்பதும், மிளகின் பைப்பரின் சேர்ந்தால் மனிதரில் அவ்வீர்ப்பு பன்மடங்காகிறது என்பதும் பெங்களூரில் செய்யப்பட்ட 1998ஆம் ஆண்டு ஆய்வால் அறியப்பட்டவை. நாட்டுக் கலவைகளில் மஞ்சளும் மிளகும் பிரியாமல் வருவதைக் காண்போர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. எனினும் அதே ஆய்வில் எலிகளிடம் கிடைத்த கூடுதல் மனிதரில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு குறைவு என்பதால், கோழியின் குடலைப் பற்றி அதிலிருந்து ஊகிப்பது தவறாகும். கீழாநெல்லியின் நிலை இன்னும் கவலைக்குரியது. தென்னிந்தியச் சந்தைகளில் அப்பெயரில் விற்கப்படும் உலர்சரக்கில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1955இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவரங்களின் உலர்மாதிரிகளைப் பெருந்தொகுப்பாகப் பேணி வருகிறது. தீவனத்தில் சேர்க்கும் ஒவ்வொரு சரக்கின் ஒரு கிளையையும் அத்தகைய தொகுப்போடு ஒப்பிட்டு இனத்தை உறுதிசெய்த பின்னரே ஆய்வைத் தொடங்குவது என்ற ஒழுங்கை, வேறெந்த ஊரையும்விடப் புதுச்சேரியில் எளிதாகக் கடைப்பிடிக்கலாம்.

மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டும். நிலவேம்பையும் வேப்பிலையையும் அளவுக்கு மீறிக் கலந்தால் பறவை தீவனம் எடுப்பது குறையும், எடை குன்றும். எடை குன்றிய கறிக்கோழியால் பண்ணையாளர்க்கு விளையும் இழப்பைக் கூடுதல் எதிர்ப்பொருள் ஈடுசெய்யாது. அதனினும் நுட்பமான ஆபத்து ஒன்று தடுப்பூசி கொடுக்கும் நாளில் உள்ளது. குளிர்சாதன வசதி இல்லாத சிற்றூர்களுக்கென்று, வெப்பம் தாங்கும் வைரசு வகைகளைத் தானியத்தில் பூசிக் கோழிக்குத் தீனியாகவே கொடுக்கும் முறை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் முயலப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அந்நோக்கில் குருணைத் தடுப்பூசியை உருவாக்கியது. அம்முயற்சிகளின்போது, பச்சைத் தானியங்கள் சிலவற்றிலுள்ள பொருள்களே தடுப்பூசி வைரசைச் செயலிழக்கச் செய்தமையால், எத்தானியம், வேகவைத்ததா, பதப்படுத்தியதா என்பதைப் பொறுத்துப் பயன் பெரிதும் மாறியது. வெறும் அரிசியே வைரசை முடக்கக்கூடுமெனில், துவர்ப்பும் கிருமிக்கொல்லித் தன்மையும் மிக்க பூண்டு, வேம்பு, நெல்லிச் சாறுகளைக் குடிநீரில் கலந்துவிட்டு அதே தொட்டியில் உயிர்த் தடுப்பூசியைக் கரைப்பது எவ்வளவு பிழை என்று விளக்க வேண்டியதில்லை. குளோரின் கலந்த குழாய்நீரைத் தவிர்த்து, கொழுப்பு நீக்கிய பால்தூள் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்குமாறு தடுப்பூசி நீரைத் தருவோர், அதற்கு முன்னும் பின்னும் மூலிகைச் சாற்றையும் நீரிலிருந்து விலக்கிவைப்பதே நன்று. உலர்தூளாகத் தீவனத்தில் சேர்க்கப்பட்டு, தடுப்பூசி கண்சொட்டாக விடப்படும்போது இச்சிக்கல் எழாது.

உலகச் சந்தையில் மூலிகைத் தீவனங்களுக்குத் திடீரென வந்த மதிப்புக்கு எதிர்ப்பாற்றல் ஆய்வுகளைவிட வேறொரு காரணம் பெரிது. வளர்ச்சியைத் தூண்டத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்திலும், சீனா 2020இலும் தடைசெய்தன. இந்தியா 2019 ஜூலையில் கொலிசுடின் மருந்தை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்தத் தடைவிதித்தது. அவ்வாறு காலியான இடத்தை நிரப்ப மூலிகைப் பொட்டலங்கள் வந்துசேர்ந்தன. மனிதர் உயிர்காக்கும் மருந்துகளைக் கோழித் தீவனத்திலிருந்து வெளியேற்றியது மிகச் சரியான முடிவு. அவ்விடத்துக்கு வருவன உள்ளடக்கம் தெரியாத தூள்களாக இருக்கக்கூடாது என்பதற்காகவே தரநிர்ணயம் வேண்டப்படுகிறது. மத்திய அரசின் கால்நடைத் துறையும் ஆயுசு அமைச்சகமும் 2021 ஏப்ரலில் செய்துகொண்ட உடன்படிக்கை இத்திசையில் ஒரு தொடக்கம்.

புதுச்சேரிக்குரிய பணி இங்கிருந்து தொடங்கலாம். குரும்பபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும், பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும் ஒரே ஊரில் அமைந்துள்ளன. ஒன்றிடம் குருதியைச் சோதிக்கும் கூடமும், மற்றொன்றிடம் ஊர்தோறும் உழவர்களோடு பழகிய தொடர்பும் உண்டு. செய்யத்தக்க ஆய்வு எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டுவது. தடுப்பூசி மட்டும் பெற்றவை, தடுப்பூசியோடு மூலிகையும் பெற்றவை, மூலிகை மட்டும் பெற்றவை, இரண்டும் பெறாது பாதுகாப்பாகத் தனித்து வைக்கப்பட்டவை என நான்கு குழுக்கள் அமைய வேண்டும்; மூலிகை தொடங்கும் நாள் தடுப்பூசிக்கு முன்னா பின்னா என்பதும் பிரித்துச் சோதிக்கப்பட வேண்டும், ஏனெனில் வாழ்நாள் முழுதும் மூலிகை தந்து முடிவைப் பார்க்கும் ஆய்வுகளால் எந்த நாட்களில் அது தேவைப்பட்டது என்பதைச் சொல்ல முடியாது. ஓராண்டுக்கு மேல் முட்டையிடும் கோழிக்கு நாள்தோறும் மூலிகை வாங்குவதற்கும், ஊசிக்கு முன் ஒரு வாரமும் பின் இரு வாரமும் வாங்குவதற்கும் செலவில் உள்ள வேறுபாடு, சிறு பண்ணையாளர் இதை ஏற்பாரா மாட்டாரா என்பதையே முடிவுசெய்யும். ஒரு தொகுதி கத்திரி வெயிலிலும் மற்றொரு தொகுதி கார்த்திகை மழையிலும் வளர்க்கப்பட்டு, ஒவ்வொரு மூட்டைத் தீவனத்திலும் அஃபிளாடாக்சின் அளவு குறித்துவைக்கப்பட வேண்டும். குருதி அளவெண்ணோடு மூச்சுக்குழலின் சளி எதிர்ப்பொருளும், வெள்ளணு விகிதமும், இறுதி எடையும், ஒரு பறவைக்கான செலவும் பதிவாக வேண்டும்.

புறக்கடை நாட்டுக்கோழிகளில் இவ்வாய்வு வேறு வடிவம் கொள்ளும். அவை தாமே மேய்ந்து கீழாநெல்லியையும் துளசியையும் கொத்துவன. அவற்றைக் குழுக்களாகப் பிரித்துத் தீவனம் அளப்பது இயலாது. அங்கே தமிழ்நாட்டில் நடப்பதுபோன்ற பிப்ரவரி முகாமொன்றையே ஆய்வின் அச்சாகக் கொண்டு, ஐந்து கொம்யூன்களிலும் தேர்ந்த சில தெருக்களில் முகாமுக்கு முன்னும், மூன்று வாரத்துக்குப் பின்னும், கோடை முடிந்த பின்னும் குருதி எடுத்து, மூலிகை கொடுத்த வீடுகளையும் கொடாத வீடுகளையும் ஒப்பிடலாம். கோழி வளர்ப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பதால், எதை, எப்போது, எவ்வளவு கொடுத்தனர் என்ற பதிவை அவர்களிடமே ஒப்படைத்து, அதற்கு உரிய ஊதியமும் தருவது நேர்மை. அவ்வாறு எடுக்கப்படும் முதல் குருதி மாதிரியிலேயே, எத்தனை கோழிகள் தடுப்பூசியின் எதிர்ப்பொருள் சிறிதுமின்றி மேய்ந்துகொண்டிருக்கின்றன என்பது தெரியவரும். மூலிகையைப் பற்றிய கேள்வி அதன் பின்னரே அவ்வூர்களில் தொடங்கும்.